புகையும் தூசும் நானும்

ஆஸ்துமா உள்ளவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு தடவை மூச்சை இழுத்து விட்டால் போதும், பக்கத்தில் வாழைத்தாரோடு நிற்கிறவர் தூதுவளையின் பெருமையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்குள் இன்னொருவர் வந்து, தூதுவளை இதற்குச் சரிப்படாது, ஆடாதோடைச் சாற்றைத் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும் என்பார். இருவரும் வாதத்தில் இறங்கிவிடுவார்கள். நம் இழுப்பு இருவருக்கும் மறந்துவிடும். எழுபதைத் தாண்டிவிட்ட எனக்கு இவர்கள் மேல் கோபம் கிடையாது. மூச்சுத் திணறுகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க நம் ஜனங்களால் முடியாது. கையில் மருந்து இல்லாதவர்கள் யோசனையையாவது கொடுக்கிறார்கள்.

அப்படி எனக்கு வந்த யோசனைகளிலேயே பெரியது ஹைதராபாத் மீன் மருந்து. ஜூன் மாதத்தில் மிருகசிரா கார்த்தி அன்று, விரல் நீள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து, துள்ளத் துள்ள நம் தொண்டைக்குள் விடுவார்கள். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவதும் உண்டு. காசு வாங்குவதில்லை. பரம்பரை பரம்பரையாக ஒரே குடும்பம் செய்துவருகிறது. என் சித்தப்பா எங்கோ கேள்விப்பட்டு, கடன் வாங்கி, என்னை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு கூட்டத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. சித்தப்பா முண்டியடித்து என்னை முன்னே தள்ள, ஒருவர் என் தாடையைப் பிடித்துத் திறக்க, மீன் உள்ளே போனது. போகும்போது அது வாலை ஆட்டியது தொண்டைக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஊர் திரும்பும் வழியில், பெட்டி முழுக்கப் பீடியும் சுருட்டும். கும்பகோணத்தில் இறங்கும்போது சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மீன் வேலை செய்ததோ என்னவோ, பீடி நன்றாகவே வேலை செய்திருந்தது. அந்த மருந்து ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இன்றுவரை கிடையாது. சித்தப்பாவின் அன்புக்கு ஆதாரம் நான் கேட்டதில்லை.

அந்த வயதில் வீட்டில் எல்லோருக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான்: எதைச் சாப்பிட்டால் இது போகும்? எதனால் வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஜாதகத்தைப் பார்த்தோம். பரம்பரையைப் பார்த்தோம், தாத்தாவுக்கு இருந்தது, அதனால் பேரனுக்கு வந்தது என்று சமாதானம் செய்துகொண்டோம். அதில் பாதி உண்மைதான். குடும்பத்தில் ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் வாங்கி வந்த உடம்பு ஒன்று. அந்த உடம்பு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏன் திணறுகிறது, புதன்கிழமை ஏன் நிம்மதியாகத் தூங்குகிறது என்பது வேறு.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஒரு டாக்டர். எனக்குக் கிளை நூலகத்தில் வேலை கிடைத்த புதிது. மேஜையில் சாய்ந்தபடி என் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “தம்பி, இது எப்ப எப்ப வருது?” என்றார்.

“எப்பவும் வருது சார்.”

“எப்பவும் வர்றதுன்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. பால்காரன்கூட விடிகாலையிலதான் வர்றான். யோசிச்சுச் சொல்லு.”

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்தார். ஆஸ்துமாக்காரனுக்கு மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதுமே லேசாக வீங்கித்தான் இருக்கும் என்றார். உனக்கு ஆகாத ஒன்று காற்றோடு உள்ளே போனால், குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுக்கிப் பிடிக்கும், வீக்கம் கூடும், சளி சுரக்கும், மூன்றும் சேர்ந்து வழியை அடைக்கும். காற்று உள்ளே போய்விடும், வெளியே வருவதற்குத்தான் பாடுபடும், அதுதான் அந்த விசில் சத்தம். வீக்கத்துக்கு நான் மருந்து தருகிறேன். ஆகாதது எது என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றேபோல் இருக்காது. இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மருந்துக்கடைக்குப் போகவேண்டியவனைப் பேப்பர் கடைக்கு அனுப்புகிறாரே என்று எனக்கு எரிச்சல். வாங்கினேன். ‘செவ்வாய். பழைய பத்திரிகைக் கட்டு பிரித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன்.’ ‘வெள்ளி. அம்மா தலைக்குச் சாம்பிராணி போட்டாள். உடனே.’ ‘ஞாயிறு. அக்கா வீடு. திண்ணையில் படுத்தேன். ஒன்றும் இல்லை.’ இவ்வளவுதான் எழுத்து. முதல் சில வாரங்களில் இதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. மழைக்காலம், பனிக்காலம், அறுவடைக்காலம், வெயில் என்று ஒரு வருஷச் சக்கரம் சுற்றிவந்த பிறகுதான் ஒரே எதிரி வேறுவேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆஸ்துமா பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் என்பார்கள். எனக்கு அந்த நோட்டுதான் கற்றுக்கொடுத்தது.

முதலில் விடுதலையானது தயிர். சின்ன வயதிலிருந்து என் அம்மா எனக்குத் தயிர், வாழைப்பழம், கொய்யா, திராட்சை, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் தடை போட்டிருந்தாள். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு வாழைப்பழம் சாப்பிடாமல் வளர்ந்த பிள்ளையின் துக்கம் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் இருக்கிற பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், இவற்றைத் திருட்டுத்தனமாகத் தின்ற நாட்களில் ஒன்றுமே ஆகவில்லை. சிலருக்கு உணவிலும் ஆகாதது உண்டு. உலர்ந்த பழங்கள் கெடாமலிருக்கச் சேர்க்கிற சல்பைட் சிலருக்கு மூச்சைப் பிடிக்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் இருமல் கிளம்புகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு வினை வருவது வாய் வழியாக அல்ல, மூக்கு வழியாக. சோதிக்காமல் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் பிள்ளை மெலியும், இழுப்பு மெலியாது.

இரண்டாவதாகச் சிக்கியது என் தலையணை. பாட்டி தைத்துக்கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை அது. அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது, அதன்மேல் படுத்தாலும் தூக்கம் வராது. பல வருஷத்து எண்ணெய் ஏறி, பஞ்சு கட்டி கட்டியாகி, தட்டினால் ஒரு மெல்லிய தூசு எழும்பும். அக்கா வீட்டுத் திண்ணையில் பாயில் படுத்த ராத்திரிகளில் மட்டும் நான் ஏன் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதற்கு விடை அந்தத் தலையணைக்குள் இருந்தது. வீட்டுத் தூசுப் பூச்சி என்று ஒன்று. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிர்கிற செதில்தான் அதற்குச் சாப்பாடு. கடிக்காது. அதன் எச்சம்தான் காற்றில் பறந்து நம் மூச்சில் ஏறித் தொந்தரவு செய்கிறது. நம் டெல்டா மாதிரி ஈரப்பதமான ஊர் அதற்குச் சொர்க்கம்.

பாட்டியின் தலையணையைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி வந்த பிறகு அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் அதைப் பிரித்து, பஞ்சைக் கொட்டிவிட்டு, உறையை மட்டும் துவைத்து மடித்து என் பெட்டியில் வைத்தாள். அதில் இருந்த பரிவை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த மூடு உறை இப்போது கடைகளில் கிடைக்கிறது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில், 60 டிகிரிக்குக் குறையாமல், ஊறவைத்துத் துவைத்தால் பூச்சி சாகும். மெத்தையை வெயிலில் போடுவது ஈரத்தைப் போக்கும், நல்லதுதான், ஆனால் உள்ளே இருக்கிற எச்சம் வெயிலில் கரைந்துவிடாது. கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, கட்டிலுக்கடியில் அடைத்துவைத்த பழந்துணி மூட்டை எதுவும் படுக்கையறையில் வேண்டாம். புத்தகமும் வேண்டாம் என்றார் டாக்டர். நூலகனிடம் சொல்கிற பேச்சா அது! இருந்தாலும் எடுத்துக் கூடத்தில் வைத்தோம்.

பெருக்குவதும் ஒரு கலை. தென்னந்துடைப்பத்தை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று பெருக்கினால் தரையில் கிடந்த தூசு தலைக்கு மேலே போய், சாவகாசமாக இறங்கி வரும். ஈரத்துணியால் துடைப்பதே மேல். ஒட்டடை அடிக்கிற அன்றைக்கு ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருக்கக் கூடாது. கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ அனுப்பிவிடுங்கள், தூசு அடங்கியபிறகு வரட்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் அப்படியே. ‘இவர் மட்டும் வேலை செய்யாமல் ஊர் சுற்றுகிறார்’ என்று அத்தைமார்கள் சொல்லத்தான் செய்வார்கள். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொள்ளலாம், தூசைத்தான் தாங்க முடியாது.

நூலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தட்டி, எண் பார்த்து, பதிவேட்டில் குறிக்க வேண்டும். பழைய காகிதத் தூசு, அதில் பூத்த பூஞ்சணம், அலமாரி மூலையில் கரப்பான், அதை விரட்டப் போட்ட அந்துருண்டை எல்லாம் ஒரே அறையில். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த இறகுத் துணுக்கும் தூசுப் பூச்சிக்கு இளைத்தவை அல்ல. அந்துருண்டையின் நெடி மட்டுமே சிலருக்குப் போதும். நான் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்வேன். படிக்க வரும் பிள்ளைகள் என்னைக் ‘கொள்ளைக்கார சார்’ என்று கூப்பிட்டார்கள். மீசை முறுக்கிய இளவட்டமாக அப்போது என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் வலித்தது. கொரோனாவுக்குப் பிறகு ஊரே முகக்கவசம் கட்டியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தூசு வேலை செய்கிற எவரும், நெல் தூற்றுகிறவரோ மாவு மில்லில் நிற்கிறவரோ மரம் இழைக்கிறவரோ, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளலாம். வேலை நாளில் இழுப்பு வருவதும் லீவு நாளில் குறைவதுமாக இருந்தால், வேலையிடத்தில்தான் வினை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது முக்கியமான செய்தி.

புகைக்கு வருகிறேன். என் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் இன்றும் சிரிக்கிறார்கள். பெண் வீட்டுக்கு என் இழுப்பைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. முகூர்த்தம் மார்கழி கழிந்த தை மாதத்தில். ஓமகுண்டத்தில் சமித்தும் நெய்யும் விழ விழ, சரியாகக் காயாத குச்சியிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு என் முகத்துக்கே வந்தது. கண்ணில் நீர். நெஞ்சில் இறுக்கம். மாப்பிள்ளைக்கு என்ன இவ்வளவு உணர்ச்சி என்று பெண் வீட்டார் நெகிழ்ந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த வயதான சாஸ்திரிகள் மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தார். மந்திரத்தை நிறுத்தவில்லை. ஒரு கையால் ஈரக் குச்சிகளை ஓரமாக ஒதுக்கினார், காய்ந்த சிராயைப் போட்டார், புகை நின்று சுடர் எழுந்தது. இன்னொரு கையால் மணையைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ளச் சைகை காட்டினார். பிறகு என் காதருகே, “எனக்கும் உண்டு” என்றார். அவ்வளவுதான். தட்சணை வாங்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசவில்லை. புகை பிடிக்காத ஓமம் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவந்தது அன்றைக்குத்தான். காய்ந்த விறகு, நல்ல காற்றோட்டம், இரண்டும் இருந்தால் சாமிக்கும் குறையில்லை, மூச்சுக்கும் குறையில்லை.

நம் வீடுகளில் புகைக்கு ஒரு புனிதம் உண்டு. சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், குழந்தைக்குக் குளிப்பாட்டியபின் போடும் தூபம். மூலிகைப் புகையாயிற்றே, நல்லதுதானே என்பார்கள். மூச்சுக்குழாய்க்கு மூலிகை எது, டயர் எது என்று தெரியாது. எல்லாமே எரிச்சல்தான். நொச்சி இலையைப் போட்டுக் கொசுவை விரட்டினாலும் அதே கதை. கொசுவர்த்திச் சுருளைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் பிடித்தால் வருவதற்குச் சமம் என்று 2003ல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. சிகரெட்டே தொடாத மனிதர், கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க அதைக் கொளுத்திவைத்துத் தூங்குகிறார். கொசுவலைதான் இதற்கு மருந்து. நாலு ஆணி, நாலு கயிறு.

வீட்டில் யாராவது சிகரெட், பீடி பிடித்தால் வாசலில் போய்ப் பிடிப்பதும் போதாது, சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். விட்டுவிடுவதுதான் வழி. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தபிறகுதான் பஸ்ஸிலும் ஓட்டலிலும் என்போன்றவர்கள் பயமில்லாமல் உட்கார முடிந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லாமல் நான் காபி குடிப்பதில்லை.

பண்டிகைகளில் போகிதான் எனக்குக் கெட்ட நாள். பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற காலம் வந்துவிட்டது. 2018 போகி அன்று சென்னையில் புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். விமானத்துக்காவது திரும்பிப் போக வேறு ஊர் இருக்கிறது. தீபாவளிக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2018லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவேன். பேரன் கம்பி மத்தாப்பைக் காட்டினால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கைதட்டுவேன். பண்டிகையை நிறுத்தச் சொல்கிற கிழவன் அல்ல நான், காற்றில் எனக்கும் ஒரு பங்கு விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மழைக்காலத்தில் சுவரில் ஈரம் கசிந்து கறுப்பாகப் பூக்கும் பூஞ்சணத்தைப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள், கசிவை அடைத்துவிடுங்கள். காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு நிற்கிற பார்த்தீனியத்தைப் பூப்பதற்குமுன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் நல்லதில்லை. மழை பெய்தால் காற்று கழுவிவிட்டதுபோல் சுத்தமாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் இடியோடு ஒரு புயல்மழை வந்தது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்துப் பொடிப்பொடியாகி மூச்சுக்குள் புகுந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களில் பலர் அதுவரை தங்களை ஆஸ்துமாக்காரர்கள் என்றே நினைத்ததில்லை. பத்திரிகையில் இதைப் படித்த அன்று ஜன்னலை மூட நானே எழுந்தேன்.

எல்லாவற்றையும்விட அதிகமாக இழுப்பைக் கிளப்புவது சாதாரண ஜலதோஷம். மார்கழிப் பனியைத் திட்டுகிறோம். குளிர்ந்த காற்றுக்கும் பங்கு உண்டு, மஃப்ளர் சுற்றிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பக்கத்தில் தும்முகிறவரிடமிருந்து வருகிற வைரஸ்தான் காரணம். கை கழுவுவதும், வருஷந்தோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதும் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தேவை.

வயதானவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாக அடங்கிக்கிடந்த அவருடைய இழுப்பு திடீரென்று கிளம்பியது. வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். மெத்தையை மாற்றினார், மகள் வளர்த்த பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பினார், பூஜை அறையில் ஊதுபத்தியை நிறுத்தினார். ஒன்றும் குறையவில்லை. மகள் பூனையை நினைத்து அழுததுதான் மிச்சம். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது, எப்போதிலிருந்து இது என்று கேட்டேன். என் பழைய டாக்டர் என்னைக் கேட்ட அதே தோரணைதான். கண்ணுக்கு மருந்து விட ஆரம்பித்த சமயம் என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதென்று கொடுத்த டைமலால் சொட்டு. கண்ணில் விடுகிற ஒரு சொட்டு நெஞ்சை என்ன செய்யும் என்று அவர் கண் டாக்டரிடம் தன் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. அந்தச் சொட்டு பீட்டா பிளாக்கர் வகை, இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கக் கூடியது. டாக்டர் வேறு வகைச் சொட்டுக்கு மாற்றினார், இழுப்பு அடங்கியது, பூனை திரும்பி வந்தது. இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற மாத்திரைகளிலும் இந்த வகை உண்டு. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு ஆகாது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பல் டாக்டராக இருந்தாலும் கண் டாக்டராக இருந்தாலும், உட்கார்ந்தவுடன் ‘எனக்கு ஆஸ்துமா உண்டு’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பிள்ளையை நாலு சுவருக்குள் பூட்டிவைக்க யாரும் கிளம்பிவிடக் கூடாது. விலக வேண்டியவை உண்டு, விலகக் கூடாதவையும் உண்டு. ஓடினால் இரைக்கிறது என்று என்னை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் சட்டைகளுக்குக் காவல் வைத்தார்கள். பள்ளிக்கூடம் முடிகிறவரை நான் சட்டை காத்தேன். பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் சிறுவயதிலேயே ஆஸ்துமா கண்டவர். 2003ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி, பதினாறு வருஷம் பெண்கள் மாரத்தான் உலக சாதனையைக் கையில் வைத்திருந்தார். முதலில் மெல்ல உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி முன்கூட்டியே மருந்தை இழுத்துக்கொண்டு ஆடினால் பிள்ளைகள் எல்லா ஆட்டமும் ஆடலாம். வாய்விட்டுச் சிரித்தாலும், விம்மி அழுதாலும் எனக்கு இரைக்கும். அதற்காகச் சிரிப்பை விட்டுவிட முடியுமா? அப்படி ஒரு அறிகுறி இருந்தால் மருந்தளவு போதாமல் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள்.

இன்ஹேலர் என்றால் இன்னும் நம் ஊரில் ஒரு மிரட்சி. பழகிவிடும் என்பார்கள், கடைசிக் கட்டத்துக்குத்தான் அது என்பார்கள், கல்யாணம் ஆகாத பெண் கைப்பையில் இருக்கலாமா என்பார்கள். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் வருகிறது. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நாற்பது அழுத்துக்குச் சமம். போகவேண்டிய இடத்துக்கு நேரே போவதால் கொஞ்சம் போதும், அவ்வளவுதான் சூட்சுமம். இந்தக் கருவி 1956ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மருந்துக் கம்பெனி அதிகாரியின் மகள், ஸ்ப்ரே மாதிரி இதை டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று கேட்டதிலிருந்து பிறந்தது என்பார்கள். இழுப்பு வரும்போது மட்டும் சால்பியூட்டமால் உள்ள நீல இன்ஹேலரை இழுத்துவிட்டு, வீக்கத்தைத் தணிக்கும் மருந்தை விட்டுவிடுவது ஆபத்து என்று ஜினா என்கிற உலக அமைப்பு 2019லேயே சொல்லிவிட்டது. தினமும் எடுக்கச் சொன்னதை, நன்றாக இருக்கிற நாளிலும் எடுங்கள். இன்ஹேலரோடு பொருத்துகிற ஸ்பேசர் குழாயை வைத்து இழுங்கள். ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால் முடிந்ததும் வாய் கொப்பளியுங்கள். தூசையும் புகையையும் எவ்வளவுதான் விலக்கினாலும், எல்லாக் காற்றையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மருந்து அதற்குத்தான்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் ஒரு வேண்டுகோள். இன்ஹேலர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சின்னப் பிள்ளை உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மூச்சு வாங்குகிறவர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால், உதடோ நகமோ நீலம் பாரித்தால், மருந்தை இழுத்தும் அடங்காவிட்டால், கஷாயத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள், சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்குங்கள், வண்டி வருகிறவரை ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலர் மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.